பழைய குட்டியானை, பிக்கப் கேபினை கம்மி செலவில் புதுசாக்குவது எப்படி? சீட் கடைக்குப் போகும் முன் இதைப் படிங்க!

திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் விடியற்காலையிலேயே குட்டியானைகளும் பிக்கப் வண்டிகளும் வரிசை கட்டி நிற்கும். பின்னாடி மல்லிகை, சம்பங்கி, செவ்வந்தி மூட்டைகள். வண்டிக்கு வெளியே மணக்கும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் கதை வேற. கிழிஞ்ச ரெக்ஸின், நடுவில் குழி விழுந்த சீட், அதை மறைக்க நாலாக மடிச்சுப் போட்ட துண்டு, ஈர மூட்டையைத் தொட்ட கையும் வேர்வையும் சேர்ந்த ஒரு புழுக்க வாடை.

10, 12 வருஷம் ஓடிய வண்டிக்குப் பெரிய செலவு செய்ய யாருக்கும் மனசு வராது. அதனால் பலரும் பளபளன்னு ஒரு ரெடிமேடு கவரை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். இரண்டே மாசத்தில் பழைய குழி, பழைய முதுகுவலி, பழைய வாடை எல்லாம் திரும்ப வந்துவிடும். காரணம் எளிமையானது. பிரச்சனை உறையில் இல்லை, உறைக்கு அடியில் இருக்கிறது. கையில் இருக்கும் பணத்தை எதுக்கு முதலில் செலவழிக்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் சீட்டைக் கழற்றிப் பாருங்க

இதற்கு ஸ்பேனரும் ஒரு மணி நேரமும் போதும். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பிங்க. சீட்டை வெளியே எடுத்து வெயிலில் வைத்து இந்த நான்கையும் பாருங்க.

* ஃப்ரேம்: கம்பி விட்டுப்போயிருக்கா? அடியில் உள்ள ஸ்பிரிங் அறுந்திருக்கா? சீட் ஒரு பக்கம் சாய்ந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். வெல்டிங் வைக்கணும்னா ஃபோமையும் ரெக்ஸினையும் முழுசாகக் கழற்றிய பிறகு, வண்டிக்கு வெளியே வைத்துச் செய்யணும்.
* ரெயில்: சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டில் துரு இருக்கா? துருவைச் சுரண்டி கிரீஸ் வைங்க. திரும்ப மாட்டியதும் சீட்டை வேகமாக ஆட்டிப் பாருங்க. லாக் நழுவினால் அந்தச் சீட்டில் உட்கார்ந்து வண்டி ஓட்டக்கூடாது. சடன் பிரேக் அடிக்கும்போது சீட்டே நகர்ந்துவிடும்.
* ஃபோம்: விரலால் அழுத்தினால் திரும்பி எழுகிறதா, பொடிப்பொடியாக உதிர்கிறதா?
* சீட் பெல்ட்: நாடா பிசிறு விட்டிருந்தால் தைத்துப் போடாதீங்க. முழு செட்டையும் மாற்றுவதுதான் பாதுகாப்பு. பெல்ட் போடாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 1,000 ரூபாய் அபராதம்.

ஃபோம் வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி?

கடையில் '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்று சொல்வார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை இருக்கும் என்பதுதான் அந்த எண். எண் கூடினால் ஃபோம் ரொம்ப நாள் உழைக்கும் என்று பொதுவாகச் சொல்லலாம். கெட்டியா, மெதுவா என்பது வேற விஷயம். அதை உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவு பண்ணணும். தினமும் மணிக்கணக்கில் உட்காரும் டிரைவர் சீட்டுக்கு 40 டென்சிட்டியாவது இருப்பது நல்லது. மெத்தைக்கும் தலையணைக்கும் போடும் 23 டென்சிட்டி ஃபோம் சீக்கிரம் அமுங்கிவிடும்.

கடைக்காரர் சொல்வது சரியா என்று தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. பூ எடை போடுகிற தராசே போதும். 20 அங்குல நீளம், 20 அங்குல அகலம், 4 அங்குலத் தடிமன் உள்ள ஒரு துண்டு 40 டென்சிட்டி என்றால் சுமார் 1 கிலோ 50 கிராம் இருக்கணும். அதே அளவுத் துண்டு 600 கிராம்தான் இருந்தால் அது 23 டென்சிட்டி. பல நிறத் துண்டுகளை ஒட்டிச் செய்த ரீபாண்ட் ஃபோமுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது இயல்பிலேயே எடை கூடியது, கெட்டியானது. அதை அடி அடுக்காகவும், மேலே மெதுவான ஃபோமை ஒரு அங்குலத்துக்கும் வைத்தால் நன்றாக உழைக்கும்.

இன்னொரு விஷயம். கம்பெனி ஃபோம் அச்சில் வார்த்தது. முழுசும் கெட்டுப்போகாத வரை அதைத் தூக்கிப் போடாதீங்க. குழி விழுந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அதே அளவுக்கு நல்ல ஃபோமை வைத்து ஒட்டலாம். செலவு ரொம்பவே மிச்சம்.

'மெத்து மெத்துன்னு இருக்கட்டும்' என்று உயரத்தைக் கூட்டுவதும் தப்பு. சீட் இரண்டு அங்குலம் உயர்ந்தாலே கிளட்ச் மிதிக்கும் கால் தொங்கும், தலை கூரையில் இடிக்கும். பழைய உயரத்தையே வைத்துக்கொண்டு, இடுப்பு வளைவு வரும் இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு மேடு வைக்கச் சொல்லுங்க. முதுகுக்கு அதுதான் ஆறுதல்.

ரெக்ஸினா, துணியா?

ஈர மூட்டை தூக்கும் தொழிலுக்கு முழுத் துணி உறை சரிவராது. தண்ணியை உறிஞ்சும், வாடை பிடிக்கும். முழு ரெக்ஸினும் திண்டுக்கல் வெயிலுக்குச் சுடும், வேர்க்கும். உட்காரும் நடுப்பகுதிக்கு ஓட்டை போட்ட ரெக்ஸின் அல்லது கெட்டித் துணி, ஓரங்களுக்குச் சாதா ரெக்ஸின் என்று கலந்து தைப்பதுதான் இடைப்பட்ட வழி. கதவுப் பக்க ஓரம்தான் முதலில் கிழியும். அங்கே இரட்டைத் தையல் போடச் சொல்லுங்க.

வீட்டு சோபாவுக்கு விற்கும் மலிவு ரெக்ஸினை வண்டிக்குப் போடாதீங்க. வண்டிக்குள் இருக்கும் பொருட்களில் தீ வேகமாகப் பரவக்கூடாது என்பதற்காகவே ஐ.எஸ். 15061 என்ற இந்தியத் தரம் இருக்கு. வண்டிக்கான ரெக்ஸின், வண்டிக்கான ஃபோம் என்று கேட்டு வாங்குங்க.

ஃபோம் நல்லா இருக்கா? அப்போ ரெடிமேடு கவரே போதும். ஆனால் பெல்ட் மாட்டும் பக்கிள் கவருக்கு அடியில் புதைந்துவிடாமல் பார்த்துக்கோங்க.

குட்டியானைக்காரர்கள் கவனத்துக்கு

2005-இல் அறிமுகமான டாடா ஏஸ்தான் நம்ம ஊரில் குட்டியானை ஆனது. இதில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கும். பொலிரோ பிக்கப் மாதிரி முன்னாடி பானெட் உள்ள வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு. குட்டியானையில் 'சீட் சுடுது' என்றால் ரெக்ஸினை மாற்றி பிரயோஜனம் இல்லை. இன்ஜின் மூடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் பீடிங் காய்ந்து பிளந்திருக்கும், அடியில் ஒட்டியிருந்த வெப்பத் தடுப்புப் பட்டை உதிர்ந்திருக்கும். இந்த இரண்டையும் முதலில் மாற்றுங்க. சூடு, சத்தம், டீசல் வாடை மூன்றுமே குறையும். சாக்கு, தெர்மோகோல், பழைய ஃபோம் எதையும் அந்த இடத்தில் திணிக்கவே கூடாது. தீப்பிடிக்க அதுவே காரணமாகிவிடும்.

தரையும் ஒயரும்

மேட்டைத் தூக்கிப் பாருங்க. ஈரம் தங்கிய இடத்தில் துரு கட்டாயம் இருக்கும். கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, மேலே பெயிண்ட் அடிங்க. ஓட்டை விழுந்திருந்தால் டிங்கரிங் செய்யும் இடத்தில் தகடு வைத்த பிறகுதான் புது மேட். தண்ணி எங்கிருந்து வருது என்றும் பாருங்க. கதவு ரப்பர், கண்ணாடி ரப்பர் காய்ந்திருந்தால் அதை மாற்றாமல் மேட் வாங்குவது வீண்.

அப்படியே ஒயரையும் பாருங்க. காய்கறி, பூ ஏற்றும் வண்டியைத் தேடி எலி வரும். கடிபட்ட ஒயர், ஆடியோ செட்டுக்காக இடையில் முறுக்கிவிட்ட ஒயர் எல்லாவற்றையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் சரிசெய்த பிறகே சீட்டைத் திரும்ப மாட்டணும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

* டேஷ்போர்டு, டோர் பேட்: ஷாம்பு கலந்த தண்ணியில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தால் போதும். டீசல், மண்ணெண்ணெய், தின்னர் போட்டால் அன்னிக்கு மட்டும் மின்னும், அப்புறம் வெடிக்கும்.
* பாலிஷ்: ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் படக்கூடாது, வழுக்கும்.
* வாடை: சீட்டில் சமையல் சோடாவைத் தூவி ராத்திரி விட்டு, காலையில் தட்டி எடுங்க. பிறகு கதவைத் திறந்து வைத்து ஒருநாள் வெயில்.
* லொடலொட சத்தம்: டோர் பேட் கிளிப்புகளை மாற்றினாலே பெரும்பாலும் அடங்கும்.

இதையெல்லாம் செய்யாதீங்க

ஆர்.சி.யில் குறிப்பிட்டதற்கு மேல் சீட் சேர்க்கக்கூடாது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றி அமைத்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரலாம். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதும் வேண்டாம். முன், பின் கண்ணாடி வழியே 70 சதவீதமும், பக்கக் கண்ணாடி வழியே 50 சதவீதமும் வெளிச்சம் வரணும் என்பது விதி.

சரக்கு வண்டிக்கு 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்கணும். அதில் ஹாரன், வைப்பர், ஸ்பீடோமீட்டர், டேஷ்போர்டு மீட்டர்கள் எல்லாம் பார்க்கப்படும். எஃப்.சி.க்கு முந்தின மாசமே கேபின் வேலையைச் செய்துவிட்டால், டேஷ்போர்டை இரண்டு தடவை பிரிக்கும் கூலி மிச்சம்.

கடையில் எப்படிப் பேசணும்?

'மொத்தமா எவ்வளவு?' என்று கேட்காதீங்க. ரெக்ஸின் மீட்டர் என்ன விலை, ஃபோம் என்ன டென்சிட்டி, தையல் கூலி எவ்வளவு, மாட்டும் கூலி எவ்வளவு என்று நான்காகப் பிரித்து எழுதி வாங்குங்க. சீட்டை நீங்களே கழற்றிக் கொண்டுபோனால் மாட்டும் கூலி குறையும். பழைய உறையைப் பிரித்து வைத்துத்தான் புதுசை வெட்டணும், அப்போதான் அளவு சரியாக வரும்.

வண்டியை நிறுத்தினால் அன்றைய வாடகை போச்சே என்ற கவலை இருந்தால், முதலில் கிளீனர் பக்கச் சீட்டை மட்டும் கொடுத்துப் பாருங்க. வேலை பிடித்திருந்தால் அடுத்து டிரைவர் சீட். பூ வண்டிக்காரர்களுக்கு மார்கழி நல்ல நேரம். முகூர்த்தம் கிடையாது, பனியால் மல்லிகை வரத்தும் குறைந்திருக்கும்.

பணம் கொஞ்சம்தான் இருக்கா? இந்த வரிசையில் செலவழிங்க

1. சீட் பெல்ட், சீட் லாக், ஃப்ரேம் வெல்டிங்
2. ஒயர், இன்ஜின் மூடியின் பீடிங், வெப்பத் தடுப்புப் பட்டை
3. டிரைவர் சீட் ஃபோம்
4. கதவு ரப்பர், தரைத் துரு, மேட்
5. உறை
6. கூரை லைனிங், பாலிஷ், அலங்காரம்

பணம் மூன்றாவதோடு தீர்ந்துபோனாலும் பரவாயில்லை. அதே பழைய துண்டை மேலே விரித்துக்கொண்டு வண்டியை எடுக்கலாம். பார்க்கப் பழசாகத்தான் இருக்கும். ஆனால் மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது முதுகுக்கு வித்தியாசம் தெரியும்.