ஆனந்தம்னு ஒரு மூலக்கூறு

தலைப்பைப் பாத்துட்டு ஆன்மிகப் பதிவுன்னு நினைச்சு உள்ளே வந்தவங்க மன்னிக்கவும். இது கஞ்சாவைப் பத்தினது :-) அடிப்பது எப்படின்னு சொல்லப் போறதில்லை. அது உடம்புக்குள்ள போய் எந்தக் கதவைத் தட்டுதுன்னு கண்டுபிடிக்க ஏன் கிட்டத்தட்ட நூத்தம்பது வருஷம் ஆச்சுங்கறதுதான் விஷயம்.

கதை கல்கத்தாவில் ஆரம்பிக்கிறது. வில்லியம் ஓஷாக்னஸி என்று ஒரு ஐரிஷ் டாக்டர், அங்கே மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். இந்த ஊர்க்காரங்க கஞ்சாவை மருந்தாவும் உபயோகிக்கிறதைப் பாத்துட்டு, முதலில் மிருகங்களுக்கும் அப்புறம் நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்து, 1839-ல் கட்டுரை எழுதினார். மூட்டுவலி, காலரா, டெட்டனஸ் என்று பல கேஸ்கள். அதில் ஒன்று, பிறந்து 40 நாளே ஆன ஒரு பெண் குழந்தைக்கு வந்த வலிப்பு. கஞ்சாச் சாறு கொடுத்துப் பிழைத்ததாக எழுதி வைத்திருக்கிறார். இந்தக் குழந்தையை ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசியில் வேணும். (இதே மனுஷன்தான் 1850-களில் இந்தியாவுக்குத் தந்திக் கம்பி இழுத்தவர். அந்த வகையில் நம்ம பொட்டி தட்டுற கூட்டத்துக்கு முப்பாட்டன்!)

ஓஷாக்னஸி புண்ணியத்தில் மருந்து லண்டன் வரைக்கும் போனது. ஆனா ஒரு தலைவலி. ஒரு பாட்டில் வேலை செய்யும், அடுத்த பாட்டில் செய்யாது. உள்ளே இருக்கும் சரக்கு எதுன்னு தெரிஞ்சாத்தானே அளந்து கொடுக்க முடியும்? அபினிலிருந்து மார்பினை 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரிச்சுட்டாங்க. அது அமிலத்தோடு சேர்ந்து உப்பாகிப் படிகமாக உட்காரும் ஜாதி. கஞ்சாவில் இருப்பதோ பிசுபிசு எண்ணெய், அதுக்குள்ளே ஒண்ணுக்கொண்ணு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் ஏகப்பட்ட மூலக்கூறுகள். அந்தக் காலக் கருவிகளுக்கு அது கட்டுப்படவில்லை. அதோட சட்டமும் இறுகிப் போச்சு, ஆராய்ச்சிக்குன்னு கேட்டாலும் சரக்கு கிடைப்பது கஷ்டம்.

இங்கேதான் ரஃபேல் மெகூலம் வருகிறார். 1930-ல் பல்கேரியாவில் பிறந்து இஸ்ரேலில் குடியேறிய வேதியியலாளர். அறுபதுகளின் ஆரம்பத்தில் வைஸ்மன் ஆய்வுக் கூடத்தில் வேலை. நேரா போலீஸிடமே கேட்டு, பறிமுதல் செய்த 5 கிலோ லெபனான் ஹஷீஷை வாங்கிப் பையில் போட்டுக்கிட்டு பஸ்ஸில் ஏறிட்டார்! பக்கத்து சீட்டுக்காரங்க 'என்ன வாசனை இது?'ன்னு கேட்டாங்களாம். சுகாதாரத் துறை அனுமதி இல்லாமல் கொடுத்தது போலீஸ் தப்பு, வாங்கியது இவர் தப்பு என்பது அப்புறம்தான் தெரிய வந்தது. ஸாரி சொல்லிச் சமாளிச்சிருக்கார்.

அந்தச் சரக்கிலிருந்துதான் 1963-ல் சி.பி.டி.யின் சரியான அமைப்பு, 1964-ல் யெஹியேல் கவோனியுடன் சேர்ந்து டி.ஹெச்.சி. போதைக்குக் காரணம் இந்த இரண்டாவது ஆசாமி. மனிதர்களிடம் சோதிக்க வேண்டுமே? மனைவி டாலியா கேக் செய்தார். நண்பர்கள் பத்துப் பேர், ஐந்து பேர் துண்டில் மட்டும் 10 மில்லிகிராம் டி.ஹெச்.சி. ஒருத்தர் நிறுத்தாம பேசிக்கிட்டே இருந்தார், ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே இருந்தார், ஒருத்தருக்குப் பயம் பிடிச்சுக்கிச்சு. ஒரே மூலக்கூறு, ஒரே அளவு!

சரி, உள்ளே என்ன செய்யுது? கொழுப்பில் கரையும் பொருள், நரம்புச் செல்லின் சவ்வில் கரைஞ்சு குழப்பம் பண்ணுது, அவ்வளவுதான் என்று ரொம்ப நாள் நம்பினார்கள். ஆனா மூலக்கூறின் கண்ணாடி பிம்பத்தைச் செய்து கொடுத்தால் போதையே வரலை. வெறும் கரைசல் என்றால் வலது இடது வித்தியாசம் எப்படித் தெரியும்? அப்ப அது பூட்டு-சாவி சமாச்சாரம். 1988-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஆலின் ஹவ்லெட்டும் வில்லியம் டிவேனும் எலி மூளையில் அந்தப் பூட்டைக் கண்டுபிடித்தார்கள். இன்று அதன் பெயர் சி.பி.1.

மூளையில் ஞாபகம், அசைவு சம்பந்தப்பட்ட இடங்களில் இது நிறைய. மூச்சை ஓட்டும் மூளைத்தண்டில் கம்மி. அதனால்தான் அபின் வகை மாதிரி இது மூச்சை நிறுத்திக் கொல்வதில்லை. (உடனே கிளம்பிடாதீங்க. வளரும் மூளையில் இந்தப் பூட்டுக்கு நிறைய வேலை இருக்கு, டீன் ஏஜில் அதை நோண்டுவது நல்லதில்லை.)

எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம் அடுத்தது. ஒரு செடிக்காக நம்ம மூளை ஏன் பூட்டு செஞ்சு வெச்சிருக்கணும்? வெச்சிருக்காது. உடம்பே செய்யும் சாவி ஒண்ணு இருக்கணும். டிவேன் ஜெருசலேமுக்கே போய், மெகூலம், லூமிர் ஹனுஷோடு சேர்ந்து பன்றி மூளையைக் கரைத்து கரைத்துத் தேடி, 1992-ல் பிடித்தார்கள். வைத்த பெயர் ஆனந்தமைடு. ஆமாங்க, நம்ம ஆனந்தமேதான், கூட 'அமைடு'ன்னு ஒரு வேதியியல் வால். 1995-ல் 2-ஏஜி என்று இன்னொரு சாவியும் கிடைத்தது.

இந்தச் சாவிகள் வேலை செய்வது தலைகீழாக. சாதாரணமாக முன் நரம்பு ரசாயனம் அனுப்பும், பின் நரம்பு வாங்கிக்கும். இங்கே வாங்குகிற நரம்பு திரும்ப 'போதும்பா, மெதுவா அனுப்பு'ன்னு சொல்லுது. பஃபர் நிரம்பினால் ரிசீவர் சென்டரை அடக்குமே, அதேதான். 2001-ல் இது உறுதியானது. உடம்பு இதைத் தேவையான இடத்தில், தேவையான நொடிக்கு மட்டும் செஞ்சு உடனே அழிச்சிடும். கஞ்சா எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில், மணிக்கணக்கில் அமுக்கும்.

பூட்டையே அடைச்சா? அதையும் செஞ்சாங்க. கஞ்சா பசியைக் கிளப்பும், அப்ப சி.பி.1-ஐ அடைச்சா எடை குறையுமே என்று ரிமோனபேன்ட் மாத்திரை 2006-ல் ஐரோப்பாவில் வந்தது. எடை குறைஞ்சது. கூடவே மன அழுத்தமும் தற்கொலை எண்ணமும் வந்ததால 2008-ல் விற்பனையை நிறுத்தினாங்க.

இப்போ அந்தக் கல்கத்தாக் குழந்தை. 1980-ல் பிரேசிலில், மெகூலமும் பங்கெடுத்த ஒரு சின்ன ஆய்வு. மருந்துக்கு அடங்காத வலிப்புக்காரர்கள் 8 பேருக்கு, ஏற்கெனவே சாப்பிட்ட மருந்தோடு போதை தராத சி.பி.டி.யும். 4 பேருக்கு வலிப்பு கிட்டத்தட்ட நின்றே போனது, 3 பேருக்கு ஓரளவு குறைந்தது. பெருசா செஞ்சு பார்க்க யாரும் கிளம்பலை. கஞ்சாங்கற பேரே போதுமே, ஒதுங்கிப் போக. குழந்தைப் பருவத்திலேயே வரும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு சி.பி.டி. மருந்தை அமெரிக்கா அனுமதித்தது 2018-ல். இடையில் 38 வருஷம், ஒரு நாளைக்குப் பல தடவை வலிப்பு வரும் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த பெற்றோர்கள்.

பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, 2023 மார்ச்சில் 92 வயதில் போனார்.