கள்ளியைத் தின்ற பூச்சி

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, பாட்டனார் காலத்துப் புன்செய் ஒன்றைச் சுத்தம் செய்ய ஆள் விட்டேன். கவனிப்பார் இல்லாமல் கிடந்த நிலம். சீமைக் கருவேலம் அதில் தாராளமாகக் குடியேறியிருந்தது. ஆட்களை அழைத்து வந்த பெரியவர் அரிவாளை எடுக்குமுன் கேட்டார்: "எல்லாத்தையும் வெட்டவா ஐயா, பார்த்து வெட்டவா?"

"எல்லாம் ஒரே முள்தானே?" என்றேன்.

பெரியவர் சிரித்துக்கொண்டே இரண்டு கிளைகளைக் காட்டினார். ஒன்றில் பூ மஞ்சள் உருண்டை. காய் மணி கோத்தாற்போல் இடையிடையே இறுகியிருந்தது. அது நாட்டுக் கருவேலம். மற்றதில் பூ, விரல் நீளக் கதிர். காய் இடையில் இறுகாமல் நீண்டு பழுப்பேறியிருந்தது. அது சீமை. "தெரியாம கை வெச்சா, இருக்க வேண்டியது போயிடும், போக வேண்டியது இருந்துடும்" என்றார்.

அன்றிரவு எனக்குச் சப்பாத்திக் கள்ளியின் சரித்திரம் நினைவுக்கு வந்தது. அதுவும் ஆள் தெரியாமல் நடந்த காரியந்தான்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கும்பினியாருக்கு ஒரு பெரிய மனக்குறை. உயர்ந்த செஞ்சாயம் தரும் காச்சினீல் பூச்சி மெக்ஸிகோவில் ஸ்பானியர் கையில் இருந்தது. அந்தப் பூச்சிக்கு ஆகாரம் கள்ளி. சென்னையில் கும்பினியின் வைத்தியராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், பூச்சி வருமுன்பே சைதாப்பேட்டையில் அதற்காகக் கள்ளித் தோட்டம் போட்டார். மாப்பிள்ளை நிச்சயமாகுமுன் பந்தி போட்ட கதைதான்!

1795-இல் நீல்சன் என்ற காப்டன் பிரேஸிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டு வந்தார். ஆனால் வந்தது வேறு மாப்பிள்ளை! பார்வைக்கு அசல் போலவே இருந்த மட்டமான இனம் அது. சாய வியாபாரம் படுத்துவிட்டது. பூச்சியோ தன் காரியத்தில் கண்ணாயிருந்தது. ஒரு வகைக் கள்ளியை வேரோடு சாய்த்தது. அதைக் கண்ட பிறகு, 1836 முதல் 1838 வரை, கள்ளியை ஒழிப்பதற்கென்றே அதைத் தென்னாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். ஒரு களையை அடக்கப் பூச்சியை ஏவியது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை என்கிறார்கள்.

ஆனால் பூச்சி அந்த ஒரு வகையைத் தவிர மற்றொன்றைத் தொடவில்லை. அந்த மற்றொரு கள்ளி வழிகளை அடைத்து, மேய்ச்சலை விழுங்கி, தென் மாவட்டங்களில் காடாக நின்றது. 1926-இல் தான் அதற்கேற்ற பூச்சி இலங்கையிலிருந்து வந்தது. வட அமெரிக்காவில் பிறந்து ஆஸ்திரேலியா வழியாக இலங்கை சேர்ந்தது அது. ஐந்தாறு வருஷங்களில் கள்ளிக் காடுகள் அழுகி விழுந்தன. என் பாட்டி அப்போது சிறுமி. வெள்ளைப் பஞ்சு போலப் பூச்சி அப்பிய மடல்களைக் கோலில் குத்தி, புதிய புதர்களில் செருகுவார்களாம். அந்தப் பஞ்சை நசுக்கி, சிவந்த சாற்றில் பொட்டு வைத்துக்கொண்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படியானால் சீமைக் கருவேலத்துக்கும் ஒரு பூச்சியைத் தேடலாமே என்று வாசகர்கள் கேட்கலாம். விறகுக்காக 1877-இல் ஜமெய்க்காவிலிருந்து விதை தருவித்துக் கடப்பைப் பகுதியில் ஊன்றிய மரம் இது. ஆனால் நம் வன்னி மரம் இதற்கு நெருங்கிய உறவு. ஏவிவிட்ட பூச்சி வன்னியையும் தின்னாது என்று யார் ஜாமீன் கொடுப்பது? இதை வெட்டிக் கரி மூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் ராமநாதபுரம் பக்கத்தில் உண்டு. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மரங்களை அகற்ற உத்தரவிட்டதும், அதே வருஷம் அந்த வேலைக்குத் தடை விழுந்ததும் பலருக்கு நினைவிருக்கும். இந்த வழக்கு அத்தனை சுலபமானதல்ல.

மறுநாள் காலையில் நாங்கள் இருவரும் நிலத்தைச் சுற்றி வந்தோம். நாட்டுக் கருவேலம் நாலே நாலுதான். ஒவ்வொன்றிலும் துணிக் கிழிசலைக் கட்டினோம். கலப்பைக்கும் வண்டிக்கும் உதவும் என்று பாட்டனார் விட்டு வைத்தவையாம். பெரியவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் வாய் திறந்து 'எல்லாம்' என்றிருந்தால் அன்றே விறகாகியிருக்கும்.

சீமையை வெட்டினால் போதாது, தூரோடு தோண்ட வேண்டும் என்றார். ஆடு மாடு காயைத் தின்று போடும் சாணத்தில் விதை மறுபடி முளைக்கும். மழைக்கு மழை வந்து கன்றாகவே பிடுங்க வேண்டுமாம்.

"எத்தனை வருஷம்?" என்றேன்.

"நிலம் உங்களோடதா இருக்கிற வரைக்கும்" என்றார் பெரியவர்.