பயிரும் பானையும்

மனிதன் பயிர் செய்யக் கற்றான். விளைந்ததைச் சேமிக்கவும் சமைக்கவும் பானை வனைந்தான். இளமையில் நாம் படித்த பாடம் இது. கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இக்கூற்று, மண்ணை அகழ்ந்து பார்த்தவர்களிடம் நிலைபெறவில்லை. சீனத்தின் ஷியன்ரென்தோங் குகையில் கிடைத்த பானையோடுகள் ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முற்பட்டவை. அவற்றைச் செய்தோர் வேட்டையாடி வாழ்ந்தவர், விதைப்பறியாதவர். கோதுமையும் வாற்கோதுமையும் முதன்முதலிற் பயிரான மேற்காசியாவிலோ, உழவர்கள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பானையின்றியே வாழ்ந்தனர்.

அரபியில் அரீஹா எனப்படும் எரிகோவை 1952 முதல் 1958 வரை கேத்லீன் கென்யன் அம்மையார் அகழ்ந்தார். கி.மு. 8000-ஐ ஒட்டிய கல்மதிலும், எட்டு மீட்டர் உயரக் கோபுரமும் வெளிப்பட்டன. அவ்வடுக்குகளில் பானையோடு ஒன்றுகூட இல்லை. ஆகவே, அக்காலத்திற்கு 'மட்கலத்திற்கு முந்திய புதிய கற்காலம்' என்றே பெயரிட்டார்.

அம்மக்களுக்குக் களிமண் தெரியாதா எனின், நன்கு தெரியும். அதனாற் கல் அறுத்து வீடு கட்டினர். நெருப்பை ஆளத் தெரியாதா எனின், அதுவும் தெரியும். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு நீற்றித் தரை மெழுகினர். அவ்வழி வந்த சிலர் சுண்ணாம்புச் சாந்தைக் கொண்டே வெண்ணிறக் கலங்களையும் வார்த்தனர். தானியத்தை வறுத்தும், மாவை அடையாகச் சுட்டும் உண்டவர்க்குப் பானை தேவைப்பட்டிருக்காது. தேவை வந்தபோது கைத்திறன் காத்திருந்தது என்பதே நம் கருத்து.

ஹாரூன் அர்ரஷீத் வாழ்ந்த ரக்கா நகருக்கு வடக்கே, பலீக் ஆற்றின் கரையில், தல் ஸபி அப்யழ் என்றொரு மேடு உண்டு. 'தல்' என்பது மேடு. முழுப் பெயருக்கு 'வெண்சிறுவன் மேடு' என்பது பொருள். பீட்டர் ஆக்கர்மன்ஸ் தலைமையில் நெதர்லாந்துக் குழுவினர் 1986 முதல் இங்கு அகழ்ந்தனர். இங்குக் கிடைத்த முதற்பானைகள் கி.மு. 7000-ஐ ஒட்டியவை. தொடக்கத்திற் செய்தவை முரடாகவும், பின்னர்ச் செய்தவை நேர்த்தியாகவும் இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? இங்கோ நிலைமை தலைகீழ். முதற்கலங்கள் எண்ணிக்கையிற் குறைவு. கற்பொடி கலந்து, வழவழப்பாகத் தேய்த்து, சிலவற்றில் வண்ணமும் தீட்டியிருந்தனர். சில தலைமுறைகட்குப் பின்னரே வைக்கோல் நறுக்குக் கலந்த முரட்டுப் பானைகள் மிகுந்தன. விருந்தினர் முன் வைக்கும் அரும்பொருளாகத் தோன்றிய பானை, காலப்போக்கில் அடுக்களைக்கு வந்து சேர்ந்தது போலும்!

திகிரி அப்போது இல்லை. களிமண்ணைத் திரிகளாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி அடுக்கி, உள்ளும் புறமும் விரலால் இழைத்தனர். வெறுங் களிமண் காயும்போது வெடிக்கும். அதைத் தடுக்கவே வைக்கோலும் பதரும் சேர்த்துப் பிசைந்தனர். சூளையில் அவை எரிந்துபோக, ஓட்டில் நுண்துளைகள் நின்றன. சிற்சில ஓடுகளிற் கோதுமை மணியின் அச்சும் படிந்துள்ளது. அக்காலத்து வயலில் விளைந்தது யாதென அதைக் கொண்டே கூறுவர். நுண்துளை வழியே நீர் கசிவதால் சாடியின் உள்ளிருப்பது குளிரும். பிக்ஹு நூல்களிற் 'குல்லத்தைன்' என ஓதும் நம் மாணவர்கள், குல்லத் என்பது நீர் வைக்கும் மண்சாடியே என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

ஓட்டின் துளைகளில் நீர் மட்டும் ஊறவில்லை, கொழுப்பும் ஊறியது. ரிச்சர்டு எவர்ஷெட் குழுவினர் 2,200-க்கும் மேற்பட்ட கலங்களின் ஓடுகளை ஆராய்ந்து 2008-இல் முடிவை வெளியிட்டனர். துருக்கியின் வடமேற்கில், கி.மு. ஏழாம் ஆயிரத்தாண்டுப் பானைகளிற் பாற்கொழுப்பு மிகுதியாகத் தங்கியிருந்தது. அன்றைய மக்களில் வளர்ந்தோர்க்குப் பச்சைப் பால் செரிப்பது அரிது. தயிராகவும் பாலாடைக் கட்டியாகவும் மாற்றினால் ஏற்கும். அதற்குக் கலம் வேண்டும். பல் முளைக்காத மழலைக்கும் பல் விழுந்த முதியோர்க்கும் கூழ் காய்ச்சவும் கலம் வேண்டும். மதிலையும் கோபுரத்தையும் பேசும் வரலாற்றாசிரியர்கள் இக்கூழ்ப்பானையைப் பற்றி இன்னும் சற்று அதிகமாகப் பேசியிருக்கலாம்.

இராக்கின் ஹஸ்ஸூனாவில் 1943, 1944 ஆண்டுகளில் சீட்டன் லாயிடும் ஃபுஆத் ஸஃபரும் அகழ்ந்தபோது, தானியத் தாழிகளோடு, குழந்தைகளை அடக்கம் செய்த சாடிகளும் கிடைத்தன. உட்புறம் வரிவரியாகக் கீறிய முட்டை வடிவத் தட்டுகளும் இருந்தன. உமி நீக்குவதற்கு எனக் கருதிப் பெயரிட்ட அத்தட்டுகளில் ரொட்டியே சுட்டனர் என 2024-இல் வெளிவந்த ஆய்வு காட்டுகின்றது.

ஸாமர்ராவின் செய்தி இன்னும் வியப்பானது. கலீஃபா முஃதஸிம் 836-இல் நிறுவிய அத்தலைநகரை, 1911 முதல் எர்ன்ஸ்ட் ஹெர்ஸ்ஃபெல்ட் அகழ்ந்தார். அப்பாஸியர் வீட்டுத் தளங்களின் கீழே, ஆறாயிரம் ஆண்டுகட்கும் மேலாக மூடிக் கிடந்த இடுகாடு வெளிப்பட்டது. அங்கிருந்த கலங்களில் மீனும் பறவையும் மான்களும் வட்டமாகச் சுழன்றோடுமாறு தீட்டியிருந்தனர். மெருகிட்ட பீங்கானுக்குப் பெயர்பெற்ற அப்பாஸிய நகரத்தார், தம் காலடியில் மற்றொரு குயவர் கூட்டம் உறங்குவதை அறிந்திலர்.

ஸபி அப்யழ் அகழாய்வு, 2011-இல் மூண்ட சிரியப் போரால் நின்றது. அங்கு எடுத்த பொருள்கள் ரக்கா அருங்காட்சியகத்தின் காப்பில் இருந்தன. போர் நாட்களில் அந்த அருங்காட்சியகமும் சேமிப்பறைகளும் சூறையாடப்பட்டன. ஒன்பதாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் பிழைத்திருந்த கலங்களிற் பல எங்குச் சென்றன என்பதற்குத் தடயமில்லை. அகழ்ந்தபோது எடுத்த படங்களும் குறிப்புகளும் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் உள்ளன. அவற்றைக் கொண்டு காணாமற்போனவற்றிற்குப் பட்டியல் எழுதியுள்ளனர்.