அரை மணி நேரத்துக்கு மேல் பஸ்

1994இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறக்கும்வரை, கோலாலம்பூர்–சிங்கப்பூர் பஸ்களில் பல ஆயர் ஈத்தாமில் நின்றுதான் போகும். சாப்பாடு, பீங்கான் சாமான், முக்கியமாக டாய்லெட். அதே ஊரில் இருந்த என் பாட்டி கடைசிப் பத்து வருஷம் எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. "கால் வலிடா" என்பார். காரணம் கால் இல்லை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்ததில்லை.

இன்ஜினியர் புத்தி, எனக்கு முதலில் வந்த கேள்வி இதை எப்படி அளப்பது என்பதுதான். தேடிப் படித்தால் அதற்கே ஒரு வரலாறு இருக்கிறது.

1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கேகல் இடுப்புத்தளத் தசையின் அழுத்தத்தைக் காட்டும் கருவி பற்றி எழுதினார். 1980களில் வந்தது பேட் சோதனை. எடை போட்ட பேடை வைத்துக்கொண்டு அரை லிட்டர் தண்ணீர் குடிக்கணும். நடக்கணும், படி ஏறி இறங்கணும், பத்துத் தடவை இருமணும், குனிந்து பொருள் எடுக்கணும், ஓடுகிற தண்ணீரில் ஒரு நிமிஷம் கை கழுவணும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடை. எனக்கு ரொம்பப் பிடித்தது, குறிப்பாக அந்தக் கை கழுவல். யோசித்தவர் கெட்டிக்காரர்.

ஆனால் ரெண்டு கிராமுக்கே வீட்டோடு முடங்குகிறவர் உண்டு. அதைவிடப் பல மடங்கு கசிந்தும் சந்தைக்குப் போய் வருகிறவர் உண்டு. தராசு இதைச் சொல்லாது. அதனால் பெண்களிடமே கேட்க ஆரம்பித்தார்கள். 1994இல் அமெரிக்காவில் சாலி ஷூமேக்கர் குழு முப்பது கேள்விகள் வைத்தது. அடுத்த வருஷமே அது ஏழாகச் சுருங்கியது: வீட்டு வேலை, உடற்பயிற்சி, சினிமா–கச்சேரி, அரை மணி நேரத்துக்கு மேல் கார் அல்லது பஸ் பயணம், வெளியே நாலு பேரோடு பழகுவது, மனநிலை, எரிச்சல். 2004இல் வந்த இன்னொரு வினாத்தாளில் மொத்தம் 21 புள்ளி. எவ்வளவு கசிகிறது என்பதற்கு அதிகபட்சம் 6. அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்பதற்கு 10. கசியும் அளவைவிட வாழ்க்கைப் பாதிப்புக்கு மதிப்பு கூட.

பாட்டிக்கு இதை வைத்துப் பார்த்தேன். சினிமாவும் கச்சேரியும் அவர் வாழ்க்கையில் கிடையாது. கோயில் இருந்தது. தீட்டு என்று பயந்து வாசலோடு நின்றுகொள்வார். அதற்கு வினாத்தாளில் கட்டம் இல்லை. ஐந்து பிள்ளை பெற்று, முப்பது வருஷம் பால்மரம் வெட்டி, வாளி சுமந்த உடம்பு என்பதற்கும் இல்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பஸ்ஸையே விட்டுவிட்டவர் 'பஸ்ஸில் தொந்தரவு இல்லை' என்று பூஜ்யம் போடலாம். நிறுத்தி வைத்த மெஷினில் சென்சார் காட்டும் பூஜ்யம் மாதிரி.

ஒருநாள் துணிந்து கேட்டேன். "பாட்டி, பஸ்ல அரை மணி நேரம் போக முடியுமா?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "குளுவாங் வரைக்கும்னா வரேன். வழியில நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுவானா?"