சூனியக்காரி, நாடோடி, மோசடிக்காரி

முதலாமாண்டு வகுப்பில் திருக்குற்றாலக் குறவஞ்சி நடத்திக்கொண்டிருந்தேன். சிங்கி வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறி சொல்லும் இடம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “அம்மா, இவ சொன்னது பலிக்கலன்னா போலீஸ்ல புகார் குடுக்கலாமா?” வகுப்பு சிரித்தது. “குற்றாலத்தில் முடியாது, அதே நூற்றாண்டு லண்டனில் முடிந்திருக்கும்” என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பினேன். ஆனால் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. குறி சொல்லிப் பெற்ற நகைகளைப் பூட்டிக்கொண்டு வரும் சிங்கியைப் பார்த்துச் சிங்கன் வியந்து வியந்து கேட்பதை நம் இலக்கியம் கொண்டாட்டமாக வைத்திருக்கிறது. அப்படி ஒரு பெண் சம்பாதித்த காசையே குற்றத்தின் சாட்சியாக எடுத்துவைத்த சட்டங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஹெலன் டங்கன் 1897இல் ஸ்காட்லாந்தின் கேலண்டர் என்ற சிற்றூரில் பிறந்தவர். கணவர் ஹென்றி மரவேலைக்காரர். முதல் உலகப்போரிலிருந்து உடல்நலம் கெட்டுத் திரும்பியவர். ஆறு பிள்ளைகள். ஹெலன் துணி வெளுக்கும் ஆலையில் வேலை பார்த்தார். மீதி நேரத்தில் இறந்தவர்களை அழைத்துப் பேசினார். இருட்டறையில் திரைக்குப் பின்னால் மயக்கநிலையில் உட்கார்ந்திருப்பார். அவர் வாயிலிருந்து வெண்மையாக ஏதோ ஒன்று வழிந்து உருவம் கொள்ளும். அதை ‘எக்டோபிளாசம்’ என்றார்கள். வந்திருப்பவர்கள் அதில் தங்கள் மகனை, கணவனை அடையாளம் கண்டு அழுவார்கள்.

அது என்ன என்பது வெகுநாள் மறைந்திருக்கவில்லை. 1931இல் லண்டனில் ஹாரி பிரைஸ் என்ற ஆய்வாளர் பணம் கொடுத்து அவரைச் சோதித்தார். விழுங்கி வைத்திருந்த சல்லாத்துணியைத்தான் வெளியே கக்குகிறார் என்ற முடிவுக்கு வந்தார். 1933இல் எடின்பரோவில் நடந்த கூட்டத்தில் ‘பெக்கி’ என்ற சிறுமியின் ஆவி தோன்றியபோது ஒரு பெண் எட்டிப் பிடித்தார். கையோடு வந்தது உள்பனியன். நீதிமன்றம் 10 பவுண்டு அபராதம் விதித்தது. ஆக, ஹெலன் ஏமாற்றினார். இதில் எனக்கு ஐயமில்லை. பெண் என்பதாலேயே அவரைத் தியாகியாக்குகிற கட்டுரைகளையும் படித்திருக்கிறேன். என்னால் அப்படி எழுத முடியவில்லை.

என்றாலும் பிரைஸின் அந்தச் சோதனைகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஹெலனின் ஆடைகளைக் களைந்து, அவர்கள் தைத்துக் கொடுத்த உடுப்பை மாட்டினார்கள். மருத்துவர்கள் அவருடைய பிறப்புறுப்பு வரை சோதித்தார்கள். எக்ஸ்ரே எடுக்க முயன்றபோது அவர் அலறிக்கொண்டு தெருவுக்கே ஓடினார். துணியை மறைக்கத்தான் ஓடினார் என்றார் பிரைஸ். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தக் காட்சியைப் படிக்கும்போது, இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அதே ஸ்காட்லாந்தில் பெண்களின் உடலை மழித்து, ‘சாத்தானின் அடையாளம்’ எங்கே இருக்கிறது என்று ஊசியால் குத்திக் குத்தித் தேடியவர்கள் நினைவுக்கு வராமல் இல்லை.

அங்கே 1563இல் வந்த சூனியச் சட்டம் மரணதண்டனை விதித்தது. அது நடப்பில் இருந்த காலத்தில் ஏறக்குறைய 3,800 பேர்மீது குற்றம் சுமத்தப்பட்டிருக்கிறது. நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பெண்கள். இங்கிலாந்திலும் 1604இல் இத்தகைய சட்டம் ஒன்று இருந்தது. 1735இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இரண்டையும் நீக்கிவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்தது. சூனியம் என்று ஒன்று இல்லை என்பது அதன் அடிப்படை. ஆகவே சூனியம் செய்வது குற்றமில்லை. செய்வதாகப் பாவனை செய்வதே குற்றம். தண்டனை ஓராண்டுச் சிறை. பகுத்தறிவின் வெற்றி என்று இதைச் சொல்வது வழக்கம். கொலை நின்றது என்ற அளவில் வெற்றிதான். ஆற்றல் இருக்கிறது என்று பயந்து கொன்றவர்கள், ஆற்றல் இல்லை என்று தெரிந்த பிறகும் அதே பெண்ணைக் கூண்டில் ஏற்ற ஒரு வழியைக் கையில் வைத்துக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நடைமுறையில் இதைவிட அதிகம் பயன்பட்டது 1824இன் நாடோடிச் சட்டம். நெப்போலியன் போர்கள் முடிந்து, வேலையற்ற சிப்பாய்களும் ஏழைகளும் சாலைகளில் நிறைந்திருந்த நேரத்தில் வந்தது. பிச்சையெடுப்பவர், வெட்டவெளியில் படுத்துறங்குபவர் ஆகியோரோடு, கைரேகை பார்த்தோ வேறு வழியிலோ எதிர்காலம் சொல்வதாகக் கூறி மக்களை ஏமாற்றுபவரையும் ஒரே பட்டியலில் சேர்த்தது. மூன்று மாதம் வரை கடுங்காவல். ஜிப்சிப் பெண்களும் நகரத்து ஏழைக் கிழவிகளும் இதில் மாட்டினார்கள். சொன்னதை அந்தப் பெண் மனதார நம்பினாளா என்ற கேள்விகூட எழவில்லை. ஏமாற்றும் எண்ணத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்று 1921இல் ஒரு தீர்ப்பே வந்தது. ஹென்றி ஸ்லேட் என்ற அமெரிக்கரும் 1876இல் லண்டனில் இதே சட்டத்தில் தண்டிக்கப்பட்டார். இறந்தவர்கள் பலகையில் எழுதுகிறார்கள் என்று காட்டியவர். அவரிடம் நல்ல வக்கீல்கள் இருந்தார்கள். தண்டனை உத்தரவில் “கைரேகை பார்த்தோ வேறு வழியிலோ” என்ற சொற்கள் விட்டுப்போயின என்று காட்டி மேல்முறையீட்டில் விடுதலை வாங்கினார்கள்.

இந்த நாடோடிச் சட்டத்தின் மனநிலை கப்பலேறி நம்மிடமும் வந்தது. 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தபோது, உப்பு சுமந்து விற்றும் கூடை முடைந்தும் குறி சொல்லியும் ஊர் ஊராகப் போன குறவர் சமூகத்தினரில் பல பிரிவினரைக் குற்றப்பரம்பரையாக அறிவித்தது. ஓரிடத்தில் தங்காமல் அலைவதே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. வகுப்பில் நாங்கள் வர்ணனைநயம் பாராட்டும் சிங்கியின் பேத்திகள் காவல் நிலையப் பதிவேட்டில் இருந்தார்கள். குறவஞ்சிக்கு உரையெழுதிய பேராசிரியர்களில் எத்தனை பேர் இதை ஓர் அடிக்குறிப்பாகவாவது சேர்த்தார்கள் என்று தேடிப் பார்க்கலாம்.

ஹெலனுக்கு வருகிறேன். 1941 நவம்பர் 25 அன்று எகிப்துக் கரைக்கு அப்பால் பார்ஹாம் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 860 பேருக்கு மேல் இறந்தார்கள். அரசு செய்தியை வெளியிடவில்லை. 1942 ஜனவரியில்தான் அறிவித்தது. அதற்கு முன்பே போர்ட்ஸ்மத்தில் ஹெலனின் கூட்டமொன்றில், பார்ஹாம் என்று எழுதிய தொப்பியோடு ஒரு மாலுமியின் ஆவி தோன்றியதாகச் சொன்னார்கள். இதை வைத்து அவருக்கு உண்மையிலேயே ஆற்றல் இருந்தது என்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் இறந்தவர்களின் வீடுகளுக்குக் கடற்படை முன்பே கடிதம் அனுப்பியிருந்தது, வெளியே சொல்ல வேண்டாம் என்ற வேண்டுகோளோடு. எண்ணூறு வீடுகள். ஒவ்வொன்றிலும் தாய், மனைவி, அக்கா, பக்கத்து வீட்டுப் பெண். போர்ட்ஸ்மத் கடற்படை ஊர். வாயைத் திறக்காமல் அழ வேண்டும் என்று உத்தரவிடப்பட்ட பெண்கள் இருக்கும் ஊரில் ஒரு செய்தி காதுக்கு வர ஆவி தேவையில்லை.

அந்தக் கூட்டங்களுக்கு வந்தவர்களை நினைக்கும்போது எனக்கு என் அப்பத்தா வருகிறார். என் சின்னச் சித்தப்பா இருபது வயதில் கிணற்றில் விழுந்து இறந்தபோது, பக்கத்து ஊரில் குறி சொல்லும் அம்மாவிடம் அப்பத்தா போனார். அந்த அம்மா உடம்பு குலுங்கி, குரல் மாறி, “ஆத்தா, நான் வேணும்னு விழுகல” என்றாராம். அப்பத்தாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஊர் வேறு மாதிரிப் பேசிக்கொண்டிருந்தது. பெரியார் கூட்டங்களுக்குப் போய்வந்த என் அப்பா வீட்டில் பெரும் சத்தம் போட்டார். உழக்கு நெல்லும் ஐந்து ரூபாயும் கொடுத்து ஏமாந்து வந்திருக்கிறாய் என்றார். அப்பா சொன்னதுதான் சரி. முனைவர் பட்ட நாட்களில் மூடநம்பிக்கைக்கு உதாரணமாக இதை நானும் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அப்பத்தா அந்தக் கேள்வியை அப்பாவிடம் ஏன் கேட்க முடியவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

1944 ஜனவரி 19 இரவு, போர்ட்ஸ்மத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நுழைவுக் கட்டணம் 12 ஷில்லிங் 6 பென்ஸ். சில நாள் முன்பு வந்துபோன கடற்படை அதிகாரி ஒருவர் கொடுத்த தகவலின்பேரில் காவலர்கள் பாய்ந்தார்கள். வெள்ளைத் துணி எதுவும் சிக்கவில்லை. முதலில் நாடோடிச் சட்டத்தின்கீழ் பிடித்தார்கள். வழக்கு மேலே போகப் போக 1735ஆம் ஆண்டுச் சட்டம் தூசு தட்டி எடுக்கப்பட்டது. ஹெலனோடு ஃபிரான்செஸ் பிரவுன் என்ற பெண்ணும், மருந்துக்கடைக்காரர் ஹோமரும் அவர் துணைவியாரும் கூண்டில் நின்றார்கள். நார்மண்டித் தரையிறக்கத்துக்கு முந்தைய மாதங்கள் அவை. ராணுவ ரகசியம் கசியும் என்ற அச்சத்தில்தான் அவரை உள்ளே போட்டார்கள் என்று பிறகு பலர் எழுதினார்கள். எனக்கு அந்தச் சதிக்கதை அவசியமாகப் படவில்லை. போலீஸ் பதிவேட்டில் பெயருள்ள, படிப்பில்லாத, பருத்த உடம்புக்காரியான ஒரு தொழிலாளி வர்க்கப் பெண்ணைச் சிறையில் போட அவ்வளவு பெரிய காரணம் வேண்டியதில்லை.

ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் மார்ச் 23 முதல் விசாரணை. வக்கீல் சார்லஸ் லோஸ்பி, ஹெலன் நீதிமன்றத்திலேயே ஆவியை அழைத்துக் காட்டத் தயார் என்றார். ஜூரிகள் வேண்டாம் என்றார்கள். ஆனால் ஹெலனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை. மயக்கநிலையில் இருந்தவருக்கு நடந்தது எதுவும் தெரியாது என்பது எதிர்த்தரப்பு வாதத்தின் ஆதாரம். இறந்தவர்களின் குரலில் அத்தனை ஆண்டுகள் பேசியவர், தன் குரலில் ஒரு சாட்சியம்கூடச் சொல்லவில்லை. ஒன்பது மாதச் சிறை. பிரவுனுக்கு நான்கு மாதம். சர்ச்சிலே உள்துறை அமைச்சருக்குக் குறிப்பு எழுதி, இந்தக் காலத்தில் இந்தச் சட்டம் எதற்கு, அரசுக்கு எவ்வளவு செலவு என்று எரிச்சலோடு கேட்டார். அவருடைய கவலையில் செலவுக்கு முதலிடம். அதே ஆண்டு ஜேன் யார்க் என்ற 72 வயதுப் பெண்ணும் அதே சட்டத்தில் தண்டிக்கப்பட்டார். அவரே கடைசி.

1951இல் சட்டம் நீக்கப்பட்டு, மோசடி ஆவியழைப்பாளர் சட்டம் வந்தது. இப்போது ஏமாற்றும் நோக்கத்தை அரசு நிரூபிக்க வேண்டும். பணம் வாங்கியிருக்க வேண்டும். வேடிக்கைக்காகச் செய்தால் குற்றமில்லை. 2008இல் அதுவும் போய், இந்தத் தொழில் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளுக்குள் வந்துவிட்டது. “பொழுதுபோக்குக்கு மட்டும்” என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டு நடத்துகிறார்கள். கட்டணம் கொடுத்தவருக்குக் குறையிருந்தால் புகார் கொடுக்கலாம். என் மாணவியின் கேள்விக்கு இதுதான் பதில் என்று அடுத்த வகுப்பில் சொன்னேன். “அப்ப சிங்கி ஒரு வியாபாரிதானே அம்மா” என்றாள்.

2022 மார்ச் 8, பெண்கள் தினத்தன்று, ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் 1563ஆம் ஆண்டுச் சட்டத்தால் தண்டிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஹெலன் அந்தக் கணக்கில் வரமாட்டார். சூனியக்காரி என்று தவறாகச் சொல்லப்பட்டவர்களுக்கு மன்னிப்பு உண்டு. சூனியக்காரியாக நடித்தவருக்கு இல்லை. அவரை மன்னிக்கக் கோரிய மனுக்கள் பலமுறை தள்ளுபடியாயின. தண்டனைக்குப் பிறகும் அவர் கூட்டங்களை நிறுத்தவில்லை. 1956 அக்டோபரில் நாட்டிங்காமில் இன்னொரு கூட்டத்துக்குள் காவலர்கள் புகுந்தார்கள். டிசம்பர் 6 அன்று, 59 வயதில் இறந்தார். சோதனையின்போது மயக்கநிலை கலைந்த அதிர்ச்சிதான் கொன்றது என்கிறார்கள் நம்பிக்கையாளர்கள். அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோயும் இதய நோயும் இருந்தன.