தங்க வயலில் சிறுவாட்டுப் பணம்

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலாரில் சுரங்கத் தொழிலை மேற்கொண்டபின், வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே குடியேறின. நிலத்தடி வேலையினின்றும் பெண்களை 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் விலக்கியே வைத்தது. குடும்ப ஜீவனம் பெரும்பாலும் ஆடவரின் கூலியையே நம்பி நின்றது.

பெண்களின் கைம்முதல் சிறுவாடும் சீட்டுமே. அவற்றை நம்பிக் கடன் கொடுக்கும் பாங்கு அந்நாளில் இல்லை. 1980களின் நடுவில், அதே கர்நாடகத்தில் மைராடா என்னும் ஸ்தாபனம் வளர்த்த சுய உதவிக் குழுக்கள் புதுவழி காட்டின. இருபது பேருக்கு மேற்படாத பெண்கள் தவறாது சேமித்து, தமக்குள்ளே கடன் கொடுத்து வாங்கினர். 1992இல் நபார்டு வகுத்த திட்டப்படி, அந்த நாணயத்தையே ஈடாகக் கொண்டு, சேமிப்பைப்போல் நான்கு மடங்குவரை பாங்குகள் கடன் வழங்கலாயின.

கர்நாடக அரசு தன் ஸ்திரீ சக்தித் திட்டத்தை 2000-2001ஆம் நிதியாண்டில்தான் தொடங்கியது. அதே நிதியாண்டில், 2001 பிப்ரவரி 28ஆம் நாள், தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. வேலையிழந்த பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குச் செல்லலாயினர்.

குழுக் கடன் தையல் இயந்திரத்துக்கோ கறவை மாட்டுக்கோ முதலாகும். மறைந்த சுரங்கக் கூலிக்கு ஈடாகாது. ஆதலின், சுரங்கம் நடக்கும்போதே குழுவும் சேமிப்பும் வேரூன்றுதல் வேண்டும். சுரங்க ஊர்களில் வாழ்வோர்க்குத் தங்க வயலின் சரித்திரம் கூறுவது இதுவே.