நோயும் கடனும்: நம் முன்னோர் கண்ட ஔடத தானம்

அட்சய திருதியை நன்னாளில் நாம் நினைவுகூர்வது ஒரு தானத்தை. துறவு பூண்ட விருஷபதேவர் ஓராண்டுக் காலம் உணவு கொள்ளாதிருந்தார் என்பதும், அத்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன் அளித்த கரும்புச் சாற்றால் அந்நோன்பு நிறைவுற்றது என்பதும் நம் இல்லங்களில் சிறு பிள்ளைகளும் அறிந்த வரலாறு. அன்று தொட்டு ஆகாரதானம் சிராவக அறத்தின் முதற்படியாக நிலைபெற்றது. திருவிழா நாளில் அன்னதானம் இல்லாத ஜினாலயம் இல்லை.

ஆயினும் நம் முன்னோர் தானத்தை ஒன்றோடு நிறுத்தவில்லை. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நான்காக வகுத்தனர். இவற்றுள் ஔடததானம், அதாவது நோயுற்றார்க்கு மருந்தும் பணிவிடையும் அளிக்கும் அறம், இன்று நம்மிடையே பெரும்பாலும் பெயரளவில் நிற்கிறது. ஒரு காலத்தில் அது எவ்வாறு போற்றப்பட்டது, எவ்வாறு நடத்தப்பட்டது என்பதை அறிந்தால், இன்று நோயால் கடன்பட்டு நலியும் குடும்பங்களுக்கு நாம் செய்யத்தக்கது யாது என்பதும் விளங்கும்.

நூல்கள் கூறும் ஔடத தானம்

ஆசாரியர் சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், இல்லறத்தார் செய்யவேண்டிய வையாவிருத்தியத்தை உணவு, மருந்து, உபகரணம், உறையுள் என நான்காகக் கூறுகிறது. உணவுக்கு அடுத்த இடம் மருந்துக்கே. அந்நூலின் பொருளைத் தமிழில் குறள் வெண்பாக்களால் தரும் அருங்கலச்செப்பு நம் இல்லங்களில் இன்றும் ஓதப்படுவது. ஔடததானத்துக்கு எடுத்துக்காட்டாக இம்மரபு காட்டுவது விருஷபசேனையின் கதை. முற்பிறவியில் முனிவர் ஒருவரின் உடல்துன்பத்துக்கு மருந்திட்டுப் பணிசெய்த பயனால், மறுபிறவியில் அவள் நீராடிய நீரே பிறர் நோய் தீர்க்கும் பெற்றி உடையதாயிற்று என்பது அக்கதை.

தமிழ்ச் சமண நூல்களின் பெயர்களிலேயே மருந்து மணக்கிறது. கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்று பெயரிட்டார். ஏலம் முதலிய ஆறு சரக்குகள் சேர்ந்த மருந்தின் பெயர் அது. காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்று பெயரிட்டார். ஐந்து சிறு வேர்கள் சேர்ந்த மருந்தின் பெயர் அது. இருவரும் அருகநெறியினர். உடல்நோய்க்கு மருந்து போல உள்ளத்து நோய்க்கு அறம் என்பது அவர்கள் கருத்து. நாம் நம் மறையாகப் போற்றும் திருக்குறளிலும் மருந்துக்கென ஓர் அதிகாரம் உண்டு. நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என்னும் நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று அது வரையறுக்கிறது. ஒப்புரவறிதல் அதிகாரமோ, பெருந்தகையாளனிடம் சேர்ந்த செல்வத்தை, எல்லா உறுப்பும் மருந்தாகித் தவறாது பயன்படும் மரத்துக்கு ஒப்பிடுகிறது.

தமிழகத்துக்கு வெளியிலும் இம்மரபு செழித்தது. 9-ஆம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த உக்கிராதித்தர், கல்யாணகாரகம் என்னும் மருத்துவ நூலை வடமொழியில் இயற்றினார். ஊன், கள், தேன் ஆகியவற்றை நீக்கி மருந்து செய்யும் முறையை அது விரித்துரைக்கிறது. உயிர்க்கொலை இன்றியே நோய் தீர்க்கலாம் என்று மன்னனது அவையில் நிறுவ முற்பட்ட சமண ஆசிரியர் அவர்.

கல்வெட்டுகள் காட்டும் முறை

கருத்து நூலில் இருந்தால் போதாது. அது நடைமுறைக்கு வரவேண்டும். அந்நடைமுறையைச் சோழர் காலக் கல்வெட்டுகளில் காண்கிறோம்.

முதலாம் இராசராசனின் தமக்கையார் குந்தவைப் பிராட்டியாரை நாம் மறத்தல் இயலாது. போளூரை அடுத்த திருமலையிலும், திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்திலும் குந்தவை ஜினாலயம் எடுத்தவர் அவர். தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் அவர் கோயில் எடுத்தார் என்பது அவரது பரந்த உள்ளத்துக்குச் சான்று. அவரே தஞ்சையில் தம் தந்தையார் பெயரால் விளங்கிய சுந்தரசோழ விண்ணகர் ஆதுலசாலைக்கு மருத்துவக்காணியாக நிலம் அளித்தார். ஜினாலயம் எடுத்த கையே ஆதுலசாலைக்கும் நிலம் அளித்தது.

ஆதுலசாலை என்னும் சொல்லைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆதுலன் என்பதற்கு நோயாளி என்றும் வறியவன் என்றும் இரு பொருள்களை அகராதி தருகிறது. நோயும் வறுமையும் ஒன்றையொன்று இழுத்துவரும் என்பதை ஒரே சொல்லில் அடக்கிய மொழி நம்முடையது.

ஆதுலசாலை எவ்வாறு நடந்தது என்பதைத் திருமுக்கூடல் கல்வெட்டு விரிவாகக் காட்டுகிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் அமைந்த திருமால் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்தில், 1068-ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்டது அது. அங்கிருந்த வீரசோழன் ஆதுலசாலையில் நோயாளிகளுக்கு 15 கிடக்கைகள் இருந்தன. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அறுவை மருத்துவருக்கு 30 கலம் நெல்லும் வகுக்கப்பட்டன. மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைப் பேணும் மருத்துவப் பெண்டுகள், நாவிதர் ஆகியோர்க்கும் பங்கு உண்டு. நோயாளிக்கு நாள்தோறும் அரிசியும், இரவில் எரிய விளக்குக்கு எண்ணெயும், சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் கணக்கில் இடம்பெற்றுள்ளன.

இது சமணப் பள்ளியின் கல்வெட்டு அன்று; வைணவக் கோயிலின் கல்வெட்டு. எனினும் அக்காலத் தமிழகத்தில் மருத்துவ அறம் நடந்த முறைக்கு இதனினும் தெளிந்த சான்று அரிது. இதில் மூன்று செய்திகளைக் காண்கிறோம். முதலாவது, பொருள் நோயாளியின் கையில் தரப்படவில்லை. மருத்துவர்க்கும் மருந்துக்கும் உணவுக்கும் நேரே சென்றது. இரண்டாவது, நோய் வந்தபின் பொருள் திரட்டப்படவில்லை. நோயாளி வாயிலுக்கு வருமுன்பே பொருள் ஆயத்தமாக இருந்தது. மூன்றாவது, மருத்துவரின் ஊதியம் மட்டுமன்றி, உடனிருந்து பேணுவோர்க்கும் விளக்கெண்ணெய்க்கும்கூட வழி செய்யப்பட்டது. ஆகவே அங்கு வந்த நோயாளி மருத்துவத்துக்காகக் கடன்படவேண்டிய நிலை எழவில்லை.

முதல் அழியா அறம்

இவ்வறங்கள் தலைமுறை கடந்து நின்றதற்குக் காரணம், அவற்றின் முதல் அழியாமல் காக்கப்பட்டமை. திருமலைக் குந்தவை ஜினாலயத்துக்கு, முதலாம் இராசேந்திரன் காலத்தில், பெரும்பாணப்பாடியைச் சேர்ந்த வணிகர் நன்னப்பையரின் மனைவி சாமுண்டப்பை என்னும் அம்மையார் நந்தா விளக்குக்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் அளித்தார். இவ்வாறு அளிக்கப்பட்ட பொருள் முதலாக நிற்க, அதன் பலிசையால் அறம் நடப்பதே அக்கால வழக்கம். பலிசை என்பது வட்டி. காசுக்கு மாற்றாக ஆடுகளை அளித்த இடங்களில், அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். ஆடு சாகும், மூப்படையும். ஆனால் குட்டிகளால் மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காப்பது பொறுப்பேற்ற இடையரின் கடமை. விளக்குக்குக் கண்ட இந்த முறையை நோயாளிக்கும் காண்பதே ஔடததானத்தின் இன்றைய தேவை.

இன்றைய நிலை

மருத்துவம் இன்று பன்மடங்கு வளர்ந்துள்ளது, செலவும் அவ்வாறே. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரே கொடுத்த பங்கு 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்தது, 2021-22-இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது என்பது தேசிய சுகாதாரக் கணக்கு தரும் செய்தி. இது மகிழ்ச்சிக்குரியது. தமிழகத்தில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் தொடங்கின. இன்று தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு.

அங்ஙனமாயின் அறக்கட்டளைக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். காப்பீட்டு அட்டை பெரும்பாலும் மருத்துவமனைப் படுக்கைக்கு உரியது. படுக்கையில் சேருமுன் செய்யும் பரிசோதனைகள், வீடு திரும்பியபின் மாதந்தோறும் வாங்கும் மருந்துகள், சென்னைக்கோ வேலூருக்கோ சென்றுவரும் செலவு, உடனிருப்போரின் உணவும் தங்கலும், அந்நாள்களில் இழந்த கூலி ஆகியவை பெரும்பாலும் குடும்பத்தின் தலையிலேயே விழுகின்றன. முதலில் நகை அடகுக்குப் போகிறது, அடுத்து வட்டிக்குக் கடன், இறுதியில் நிலம். 2017-18-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, மருத்துவமனைச் சிகிச்சைக்கு முதன்மையாகக் கடனையே நம்பியோர் ஊரகத்தில் ஏறத்தாழ 13 விழுக்காடு. நகரத்தில் ஏறத்தாழ 9 விழுக்காடு.

நம் சமுதாயத்துக்கு இது வெறும் எண்ணிக்கை அன்று. தமிழ்ச் சமணர் தொகையால் சிறியவர். பெரும்பாலும் உழவுத்தொழிலை நம்பி வாழ்ந்தவர். விரல்விட்டு எண்ணத்தக்க நம் வீடுகளே உள்ள ஊர்கள் பல. அவ்வூரில் ஒரு குடும்பம் மருத்துவக் கடனுக்கு நிலத்தை விற்று நகரத்துக்குப் பெயர்ந்தால், ஒரு வீடு மட்டும் பூட்டப்படுவதில்லை. ஜினாலயத்தில் நாள்பூசைக்கு நிற்க ஒருவர் குறைகிறார், திருவிழாவுக்குத் தோள்கொடுக்க ஒருவர் குறைகிறார். பிள்ளையின் படிப்பு நின்றால் சாத்திரதானமும் அங்கே பொருளற்றுப் போகிறது. ஆகவே ஔடததானம் மற்றத் தானங்களைத் தாங்கி நிற்பது எனலாம்.

அண்மைக்கால எடுத்துக்காட்டுகள்

பொதுமக்களின் கொடை பெரிய நோயையும் எதிர்கொள்ளும் என்பதற்கு அடையாறு புற்றுநோய் நிலையம் சான்று. டாக்டர் முத்துலட்சுமி அவர்களின் முயற்சியால், மக்களிடம் நிதி திரட்டி, 1954-இல் 12 படுக்கைகளுடன் அது தொடங்கப்பட்டது. ஜெய்ப்பூரில் 1975-இல் டி.ஆர். மேத்தா அவர்கள் தொடங்கிய பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி, கால் இழந்தோர்க்குச் செயற்கைக் கால்களைக் கட்டணமின்றிப் பொருத்திவருகிறது. கால் பெற்றவர் கடனாளியாக வீடு திரும்புவதில்லை; உழைத்து உண்ணும் வலிமையோடு திரும்புகிறார். மகாவீரர் பெயரால் நடக்கும் இப்பணி சாதி சமய வேறுபாடு பாராதது என்பதும் கருதத்தக்கது.

நாம் செய்யத்தக்கது

நம் அறக்கட்டளைகள் சிறியவை. மருத்துவமனை கட்டும் வலிமை உடையன அல்ல. கட்டவும் வேண்டியதில்லை. கல்வெட்டு காட்டும் மூன்று நெறிகளைப் பின்பற்றினால் போதும்.

ஒன்று, அழியா முதல். ஓர் அறக்கட்டளை 10 இலட்சம் ரூபாயை ஔடததான முதலாக ஒதுக்கி வங்கியில் இட்டு, ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி கிடைப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 70,000 ரூபாய் வரும். குடும்பத்துக்கு 10,000 ரூபாயாக ஏழு குடும்பங்களின் பயணச் செலவும் உணவுச் செலவும் அதனால் தீரும். அத்தொகைக்கு அவை நகையை அடகு வைக்கவேண்டியதில்லை. பெற்றோர் நினைவாகக் கட்டளை ஏற்படுத்த விரும்புவோர், ஒருநாள் பூசைக்கு அளிப்பதோடு இம்முதலுக்கும் ஒரு பங்கு சேர்க்கலாம்.

இரண்டு, காலத்தாற் செய்தல். கடன் முற்றி நிலம் கைமாறியபின் தரும் 50,000 ரூபாயை விட, நோய் கண்ட முதல் வாரத்தில் தரும் 5,000 ரூபாய் பெரிது. காப்பீட்டு அட்டை எடுக்க உதவுதல், எந்த மருத்துவமனையில் அது செல்லும் என வழிகாட்டுதல் ஆகியவையும் ஔடததானமே. முன்பே வட்டிக்கடனில் சிக்கியவர்க்கு, வட்டி மிகுந்த கடனை முதலில் அடைக்க உதவுதல் நன்று.

மூன்று, நேரே செலுத்துதல். மருத்துவமனைக்கும் மருந்துக்கடைக்கும் அறக்கட்டளையே பணம் செலுத்தினால் கணக்கும் தெளிவாக இருக்கும். பெறுவோர்க்கும் கூச்சம் இராது.

கூச்சம் என்ற சொல் இன்றியமையாதது. உதவி கேட்க நாணிக் கடனை மறைத்து வாழும் குடும்பங்கள் உண்டு. ஜினசேனாசாரியர் ஆதிபுராணத்தில் கொடையைத் தயாதத்தி, பாத்திரதத்தி, சமதத்தி, அன்வயதத்தி என நான்காக வகுத்தார். அவற்றுள் சமதத்தி என்பது தம்மை ஒத்த இல்லறத்தார்க்கு ஒப்புரவோடு அளிப்பது. அங்கே கொடுப்பவர் உயர்ந்தவரும் அல்லர். பெறுபவர் தாழ்ந்தவரும் அல்லர். நோயுற்ற நம் சிராவகக் குடும்பத்துக்கு அளிப்பது சமதத்தி. ஆதலின் பெறுவோரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தல் தகாது. பெயர் அறக்கட்டளையின் ஏட்டில் மட்டும் இருக்கட்டும். தொகை மட்டும் ஆண்டறிக்கையில் வரட்டும். நலம் பெற்றபின் அவர்களே மனம் உவந்து முதலுக்கு ஒரு பங்கு சேர்ப்பாராயின் அது சமதத்தியின் நிறைவு.

சாமுண்டப்பை அம்மையார் தந்த காசு திருமலையில் ஒரு விளக்கை எரித்தது. அவ்விளக்கின் முன் நின்று வணங்க மக்கள் ஊரில் வாழவேண்டும். வாழ, நோயிலிருந்தும் அது கொணரும் கடனிலிருந்தும் மீளவேண்டும். வரும் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அன்னதானம் என்ற வரிக்கு அடுத்து ஔடததானம் என்ற வரியும் இடம்பெறுமாறு ஒவ்வோர் ஊர் அறக்கட்டளையும் தீர்மானித்தல் வேண்டும்.

அருகன் திருவடி வாழ்க! அறம் வளர்க!